எடையைக் குறைத்தால் ஞாபக மறதி சரியாகுமா?

கேள்வி: எனக்கு வயது 46. எடை ஏறிக்கொண்டே போகிறது, மறதியும் கூடவே வருகிறது. எடையைக் குறைத்தால் மறதி போகுமா? மூளைக்கு நல்லது என்று எதைச் சாப்பிடலாம்?

எங்கள் வீட்டில் இந்தக் கேள்விக்கு இரண்டு விதமான விடை கிடைத்தது. எனக்கு ஒன்று, அம்மாவுக்கு அதற்கு நேர் எதிராக இன்னொன்று.

நான் திருச்சியில் ஓர் ஆடிட்டரிடம் கணக்கு எழுதுகிறேன். வயது 51. மூன்று வருடத்துக்கு முன் ஒரு செப்டம்பர் கடைசி. ரிப்போர்ட் தாக்கல் செய்யும் நெருக்கடி. பத்து வருடமாக வந்துபோகும் ஒரு பார்ட்டி எதிரே உட்கார்ந்திருக்கிறார், அவர் பெயர் எனக்கு வாயில் வரவில்லை. "வாங்க சார், டீ சொல்லட்டுமா" என்று சமாளித்தேன். அதே வாரம் அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் போய், பாத்திரம் கருகி, பக்கத்து வீட்டு அக்கா வந்து கதவைத் தட்டினார். பயம் பிடித்துக்கொண்டது.

டாக்டரிடம் போய் ஞாபக சக்திக்கு மாத்திரை கேட்டேன். அவர் மாத்திரை எழுதவில்லை. ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, மேஜை டிராயரிலிருந்து தையல்காரர் வைத்திருப்பது போன்ற இஞ்ச் டேப்பை எடுத்து நர்ஸிடம் கொடுத்தார். இடுப்பு 92 சென்டிமீட்டர். நம் ஊர்ப் பெண்களுக்கு 80, ஆண்களுக்கு 90 தாண்டக்கூடாது என்றார். உயரம் 156, எடை 64 கிலோ. நான் 'பூசினாற்போல் இருக்கிறேன்' என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். கணக்குப் போட்டால் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண், 26. வெள்ளைக்காரர்களுக்கு 30 வந்தால்தான் உடற்பருமன்; நமக்கு 25 என்பதே அந்தக் கோடு.

ஏன் நமக்கு மட்டும் இந்தக் கண்டிப்பு என்று கேட்பீர்கள். புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யூட்கினும் 2004இல் தங்களையே உதாரணமாக வைத்து ஒரு படம் வெளியிட்டார்கள். இருவருக்கும் பிஎம்ஐ ஒன்றே, 22.3. ஆனால் யூட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடம்பில் 21.2. பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு. அதனால் எடை மெஷினைவிட இஞ்ச் டேப்பைத்தான் நான் இப்போது நம்புகிறேன்.

ரத்த ரிப்போர்ட்டில் தைராய்டு சரியாக இருந்தது. மூன்று மாதச் சர்க்கரை அளவு 6.1, சர்க்கரை நோய் இல்லை, ஆனால் வாசற்படியில் நிற்கிறேன். வைட்டமின் பி12 மட்டும் 140. இருநூறுக்குக் கீழே போனாலே குறைவு. எங்கள் வீட்டில் முட்டைகூடக் கிடையாது. காய்கறி, பருப்பில் பி12 இல்லை; பால், தயிரில் இருக்கிறது, ஆனால் நான் குடித்ததோ தண்ணீராக இருந்த மோர். பாதம் மரத்துப்போனதற்கு செருப்பைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன், அதற்கும் இதுதான் காரணமாம். முதலில் ஊசி, பிறகு மாத்திரை. மூன்று மாதத்தில் தலைக்குள் இருந்த மந்தம் பெருமளவு விலகியது. அதுவரை ஒரு கிலோகூடக் குறையவில்லை!

ஆகவே உங்கள் கேள்விக்கு முதல் பதில்: எடையைக் குறைக்கக் கிளம்பும் முன் பி12, தைராய்டு, சர்க்கரை, பிரஷர் நான்கையும் பார்த்துவிடுங்கள். சைவமாக இருந்தாலோ, சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருடமாக எடுத்தாலோ பி12ஐத் தள்ளிப்போடாதீர்கள்.

மீதி மந்தத்துக்குக் காரணம் என் சாயங்காலம். ஆறு மணிக்கு டீ, இரண்டு ஸ்பூன் சர்க்கரை, மிக்சர். எட்டரைக்கு வீடு. சமைத்து, பத்து மணிக்குச் சாதம். பன்னிரண்டு வரை போன். ஐந்தரைக்கு எழுந்தாக வேண்டும். ஐந்தரை மணி நேரத் தூக்கத்தில் பல வருடம் ஓட்டியிருக்கிறேன். சிகாகோவில் 12 இளைஞர்களை இரண்டு இரவு நான்கு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டுப் பார்த்தார்கள், அதுவும் 2004இல்தான். வயிறு நிறைந்தது என்று சொல்லும் லெப்டின் 18 சதவீதம் இறங்கியது, பசியைக் கிளப்பும் கிரெலின் 28 சதவீதம் ஏறியது, இனிப்பும் உப்புமாகத் தின்னத் தோன்றியது. மிக்சர் டப்பாவை என் கை தேடியது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. லண்டன் அரசு ஊழியர்கள் ஏறக்குறைய 8,000 பேரை 25 வருடம் தொடர்ந்த ஆய்விலும், ஐம்பதிலிருந்து எழுபது வயது வரை ஆறு மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ தூங்கிவந்தவர்களுக்கு டிமென்ஷியா என்னும் மறதி நோய் வரும் வாய்ப்பு சுமார் 30 சதவீதம் கூடுதலாக இருந்தது.

நான் மாற்றியது கொஞ்சம்தான். மதியச் சாதத்தில் ஒரு கரண்டி குறைத்து அந்த இடத்தில் பொரியலும் சுண்டலும். இரவு எட்டு மணிக்கே அலுவலகத்தில் டிபன் பாக்ஸைத் திறந்துவிடுவேன், முதலில் எல்லோரும் சிரித்தார்கள். சாப்பிட்டதும் பதினைந்து நிமிடம் நடை. காலையில் ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் முக்கால் மணி. பதினொன்றுக்குள் படுக்கை, மார்ச்சிலும் செப்டம்பரிலும் இது நடக்காது, பொய் சொல்ல மாட்டேன். ஒன்றரை வருடத்தில் ஐந்து கிலோ, இடுப்பில் எட்டு சென்டிமீட்டர். சர்க்கரை 5.6.

'மூளைக்கு எதைச் சாப்பிடலாம்' என்றால், தனியாக ஒன்றும் இல்லை. கீரை, பருப்பு வகைகள், கொட்டைகள், பெர்ரி நிறைந்த மைண்ட் என்ற உணவுமுறையை 604 பேரிடம் மூன்று வருடம் சோதித்து 2023இல் முடிவு வந்தது. வழக்கமான சாப்பாட்டையே அளவு குறைத்துச் சாப்பிட்டவர்களோடு ஒப்பிட்டால், ஞாபகத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. இரு பக்கமும் சுமார் ஐந்து கிலோ குறைந்தார்கள். வால்நட் பொட்டலத்துக்குக் காசு கொட்டும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். வல்லாரைத் துவையல் ருசிக்காக வீட்டில் அரைக்கிறோம், அவ்வளவுதான். பலன் தெரிந்தது வேறிடத்தில்: பின்லாந்தில் 60 முதல் 77 வயதுள்ள 1,260 பேரில் பாதிப் பேருக்குச் சாப்பாடு, உடற்பயிற்சி, மூளைக்கு வேலை, பிரஷர் சர்க்கரைக் கண்காணிப்பு நான்கையும் சேர்த்து இரண்டு வருடம் செய்தபோது.

இப்போது அம்மா.

அம்மாவுக்கு 76. நான் எடை குறைத்த அதே காலத்தில் அம்மாவும் இளைத்தார், முயற்சி எதுவும் இல்லாமலே. 54 கிலோ 47 ஆனது. கல்யாண வீடுகளில் "அக்கா, உங்களுக்கு வயசே தெரியலை" என்றார்கள். எனக்கும் பெருமைதான். பிறகுதான் ரசத்தில் உப்பு இரண்டு தடவை விழ ஆரம்பித்தது. "சாப்பிட்டாச்சும்மா" என்பார், தட்டு காய்ந்தே இருக்கும். நரம்பியல் டாக்டர் எங்களிடம் கேட்ட முதல் கேள்வியே, "எப்போதிலிருந்து இளைக்கிறாங்க?"

முன்னே சொன்ன லண்டன் ஊழியர்களிடமே இதையும் பார்த்திருக்கிறார்கள். ஐம்பது வயதில் உடற்பருமன் இருந்தவர்களுக்குப் பின்னாளில் டிமென்ஷியா வாய்ப்பு அதிகம். அறுபது, எழுபதில் அந்தத் தொடர்பு தெரியவில்லை. மாறாக, நோய் கண்டுபிடிக்கப்படுவதற்குச் சுமார் எட்டு வருடம் முன்பே எடை கீழே இறங்க ஆரம்பித்திருக்கிறது. உங்கள் 46 வயதுக்குத் தொப்பை குறைவது நல்ல செய்தி. உங்கள் வீட்டில் எழுபது தாண்டியவர் தானாக இளைத்தால் பாராட்டிவிட்டு நகராதீர்கள். பசியின்மை, பல், சர்க்கரை, தைராய்டு, புற்றுநோய், மறதி என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். டாக்டரிடம் காட்டுங்கள்.

மாதம் பிறந்ததும் அம்மாவை மெஷினில் ஏற்றிக் காலண்டரில் எழுதுகிறேன். ஒரே வீட்டில் இரண்டு பேர். ஒருத்திக்கு எண் இறங்க வேண்டும், இன்னொருத்திக்கு ஏற வேண்டும். தனியாக விட்டால் அம்மா ஒரு இட்லியோடு எழுந்துவிடுகிறார். எதிரே நானும் தட்டோடு உட்கார்ந்தால் மூன்று போகிறது. போன மாதம் 48.2.