வார இறுதியில் எத்தனை பந்துகள் வீசலாம்?

கேள்வி: வார இறுதிகளில் ஊர் ஊராகச் சென்று போட்டிகளில் ஆடும் பேஸ்பால் அணியில் என் 11 வயது மகன் பந்து வீசுகிறான். சனிக்கிழமை 40 பந்துகள் வீசியவனை, ஞாயிறு இறுதி ஆட்டத்திலும் வீசச் சொல்கிறார் பயிற்சியாளர். இது அவனுடைய வளர்ச்சிக்கு உதவுமா?
– வாசகி, டல்லாஸ்

பதில்: உதவாது. அமெரிக்கத் தொழில்முறை லீகான மேஜர் லீக் பேஸ்பாலும் அந்நாட்டின் பேஸ்பால் நிர்வாக அமைப்பான யுஎஸ்ஏ பேஸ்பாலும் சேர்ந்து வகுத்த ‘பிட்ச் ஸ்மார்ட்’ வழிகாட்டுதலின்படி, 11, 12 வயதுச் சிறுவர்கள் ஒரு நாளில் 85 பந்துகளுக்கு மேல் வீசக் கூடாது என்பதோடு, 21 பந்துகள் வீசினாலே மறுநாள் ஓய்வு தேவை. 36 பந்துகளைத் தொட்டால் அது இரண்டு நாளாகிறது. முழங்கையின் உட்புறத்திலுள்ள வளர்ச்சித் தட்டு இன்னும் எலும்பாக இறுகாத வயது இது. களைத்த கையோடு வீசும்போது வீச்சு முறை குலைந்து, இழுவிசை அந்த மென்மையான இடத்தில்தான் இறங்குகிறது. பல சிறுவர்களுக்கு வலி அங்கேதான் தொடங்குகிறது; வெளியே உட்கார வைத்துவிடுவார்களோ என்று அஞ்சி அவர்கள் அதை மறைப்பதும் உண்டு.

பந்துகளை நீங்களே எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். பந்து வீசும் ஆட்டத்திலேயே அவனைக் கேட்சராகவும் (மட்டையாளருக்குப் பின்னால் இருந்து பந்தைப் பிடிப்பவர்) நிறுத்த வேண்டாம் என்று சொல்லுங்கள். ஆண்டில் நான்கு மாதங்களாவது வீசாமல் இருக்கட்டும். அப்போது கால்பந்தோ நீச்சலோ பழகலாம். இதற்கு இணங்காத பயிற்சியாளர் எத்தனை கோப்பைகள் வென்றவராயினும், தயங்காமல் அணியை மாற்றுங்கள்.