ஆயிரம் வீடு இருந்தும் பால் வாங்க வண்டி எடுப்பது ஏன்?

சென்னை ஓஎம்ஆர் சாலையோரம் ஆயிரம் வீடுள்ள குடியிருப்பில் இருந்தும் கடைக்கு நடந்து போக முடியவில்லையே என்று கேட்டிருந்தீர்கள். குறை அடர்த்தியில், அதாவது ஓரிடத்தில் எத்தனை பேர் வாழ்கிறார்கள் என்பதில் இல்லை, வழியில் இருக்கிறது. ஆள் நிறைய இருந்தால் கடை பிழைக்கும், பேருந்து அடிக்கடி வரும். அடர்த்தி தருவது அவ்வளவுதான். அந்தக் கடைக்கு நடந்து போக முடியுமா என்பது தெருக்களின் அமைப்பைப் பொறுத்தது.

நீங்கள் சொல்லும் ஓஎம்ஆர் குடியிருப்பில் காரணம் பெரும்பாலும் சுற்றுச்சுவர்தான். பெரிய வளாகம், ஒரே வாசல், வெளியே வந்தால் கடக்க முடியாத அகலச் சாலை. பார்சிலோனாவின் எஷாம்ப்ளா பகுதியைப் பாருங்கள். 1859இல் செர்தா என்ற பொறியாளர் போட்ட திட்டம். தெருக்களுக்கு நடுவே உள்ள ஒவ்வொரு கட்டமும் ஒரு பக்கம் சுமார் 113 மீட்டர்தான், அப்புறம் ஒரு குறுக்குத்தெரு. வானுயரக் கோபுரங்கள் இல்லாமலே அவ்வளவு நெருக்கமாக மக்கள் வாழ்கிறார்கள், கீழ்த்தளத்தில் கடைகள். நம் மயிலாப்பூர் மாடவீதிகளைச் சுற்றி நடப்பது சுலபமாக இருப்பதற்கும் சின்னச் சின்னத் தெருக்கள்தான் முக்கியக் காரணம் என்பேன்.

ஒன்று செய்து பாருங்கள்:

1. கைபேசி வரைபடத்தில் உங்கள் வீட்டிலிருந்து கடைக்கு நேர்கோட்டுத் தூரத்தை அளந்துகொள்ளுங்கள்.
2. அதே கடைக்கு நடைவழித் தூரம் எவ்வளவு என்று பாருங்கள்.

இரண்டாவது முதலாவதைப் போல இரண்டு மடங்கு வந்தால் பெரும்பாலும் சுவர்தான் சிக்கல். பின்பக்கம் ஒரு சின்ன வாசல் திறக்கச் சொல்லிச் சங்கத்தில் கேளுங்கள். இதற்காகப் போராடலாம், தப்பே இல்லை.

ஆனால் இந்தத் தூரக் கணக்கு நடைபாதையையோ நிழலையோ பற்றிச் சொல்லாது. தூரம் சரியாக இருந்தும் நடக்க முடியவில்லை என்றால், மதியம் ஒருமுறை அந்த வழியில் நடந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.