பழைய மர பிலிம் ஹோல்டர்: வாசகர் கேள்விகள்

கே: ஹோல்டர் என்பது பெரிய கேமராவின் பின்னால் செருகும், பக்கத்துக்கு ஒரு பிலிம் தாள் பிடிக்கும் சட்டம். அதில் பிலிமை மறைக்கும் இழுப்புத் தகட்டின் (டார்க் ஸ்லைடு) பிடி ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் கறுப்பு. எதற்கு?

ப: வெள்ளை வெளியே தெரிந்தால் உள்ளே புது பிலிம். கறுப்பு தெரிந்தால் படம் எடுத்தாயிற்று. வெள்ளைப் பக்கத்தில் சிறு புள்ளிகள் புடைத்திருக்கும், இருட்டில் விரலால் தடவிப் பார்த்துக்கொள்ள.

கே: ஒரு டஜன் ஹோல்டர் வாங்கினேன். சில நெகட்டிவ்களின் ஓரத்தில் கறுப்புக் கீற்று. எந்த ஹோல்டரில் வெளிச்சம் கசிகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ப: எண் போட்டிருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது. வந்த அன்றே எண் போடுங்கள். இரு பக்கத்துக்கும் தனித்தனி எண். கையில் அரம் இருந்தால் பிலிமின் ஓரம் படியும் இடத்தில் சின்னதாக ஒரு வெட்டுக் கொடுங்கள். அந்த அடையாளம் நெகட்டிவிலேயே விழும்.

சோதனைக்கு பிலிமை வீணாக்க வேண்டாம். சிவப்பு விளக்கில் பிரோமைடு பேப்பரை (போட்டோ அச்சிடும் தாள்) வெட்டி இரு பக்கமும் போட்டு, நல்ல வெயிலில் பக்கத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் காட்டுங்கள். விளிம்புகளையும் காட்ட மறக்காதீர்கள். டெவலப் செய்ததும், ஸ்லைடு நுழையும் முனையில் கறுப்பு இருந்தால் அங்குள்ள வெல்வெட் தேய்ந்துவிட்டது. எதிர்முனையில் இருந்தால் மடிப்புக் கதவின் துணிக் கீல் கிழிந்திருக்கிறது. பேப்பர் வெள்ளையாகவே வந்தால் ஹோல்டரைத் திட்டாதீர்கள். கேமராவின் பெல்லோஸை (மடிப்புத் துருத்தி) பாருங்கள், ஸ்லைடை உருவும்போது ஹோல்டரையும் சேர்த்து இழுக்கிறீர்களா என்றும் பாருங்கள்.

கே: கீல் கிழிந்த இடத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டலாமா?

ப: கூடாது. வெயிலில் பசை இளகி வழியும். புத்தக பைண்டிங் துணி மெலிதாக இருக்கும், அதை ஒட்டுங்கள். கேமராவில் அமரும் முகப்பில் எதையும் ஒட்டாதீர்கள், ஃபோகஸ் தள்ளிப்போகும்.

கே: ஆலப்புழையில் செய்த வாகீஸ்வரி ஃபுல் பிளேட் கேமரா (பிலிமுக்குப் பதில் பெரிய கண்ணாடித் தகடு போடுவது) ஒன்று நல்ல விலைக்குக் கிடைத்தது. ஹோல்டர் இல்லை. எங்கே கிடைக்கும்?

ப: மாதம் ஒருவராவது இதைக் கேட்கிறார்கள், எல்லோருமே பணம் கொடுத்த பிறகு. பழம்பொருள் கடைக்காரர்களுக்குக் கேமரா என்பது வரவேற்பறை அலங்காரம். பித்தளையைத் துலக்கி, மரத்துக்கு வார்னிஷ் அடித்து, ஸ்டாண்டில் ஏற்றி விற்கிறார்கள். ஹோல்டர்கள் தனியாக இன்னொருவர் கைக்குப் போகும், அல்லது குப்பைக்கு. இப்படிப் பிரிக்கப்பட்ட கேமராவும் ஹோல்டரும் திரும்பச் சேர்வது அபூர்வம்.

காரணம் எளிது. 4×5 அங்குல ஹோல்டர்களுக்குப் பொது அளவு உண்டு. ஒரு கம்பெனி ஹோல்டர் இன்னொரு கம்பெனி கேமராவில் பெரும்பாலும் அமரும். பழைய பிளேட் கேமராக்கள் அப்படியல்ல. ஹோல்டரை அந்தந்த கேமராவுக்கென்றே இழைத்துப் பொருத்தினார்கள். அதே அளவு, அதே பெயர் என்று வாங்கினாலும் ஒரு மயிரிழை வெளிச்சம் நுழைய இடமிருக்கும். ஆகவே ஹோல்டர் இல்லாத கேமராவை ஹோல்டர் இல்லாத விலைக்கே கேளுங்கள். வாங்கியாகிவிட்டது என்றால், நல்ல தச்சரிடம் கேமராவையே கொண்டுபோய், பின்பலகையை 4×5 ஹோல்டர் ஏற்கும்படி மாற்றச் சொல்லுங்கள். ஹோல்டரைப் புதிதாகச் செய்வதைவிட அது சுலபம். பழைய பலகையைத் தூக்கி எறியாதீர்கள். வார்னிஷ் அடித்த ஹோல்டர் கிடைத்தால், ஸ்லைடு ஓடும் பள்ளத்தில் அது ஏறியிருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம்.

கே: படம் ஷார்ப்பாக இல்லை. ஹோல்டர்தான் காரணமா?

ப: கேமரா எது, எஃப் எண் (லென்ஸ் திறப்பின் அளவு) என்ன, ஹோல்டர் பிளேட்டுக்கா பிலிமுக்கா, எதையும் எழுதவில்லை. பிளேட் ஹோல்டர் என்றால் கண்ணாடி சுமார் ஒன்றரை மில்லிமீட்டர், பிலிம் அதில் சுமார் எட்டில் ஒரு பங்குதான். பிலிமைத் தாங்க உலோக உறை வேண்டும். பிலிம் ஹோல்டர் என்றால், முகப்பின் குறுக்கே இரும்பு ஸ்கேலை வைத்து, வெர்னியர் காலிப்பரின் ஆழக்கம்பியால் பிலிம் படியும் தளம் வரை அளந்து பாருங்கள். 4×5-க்கு ஐந்து மில்லிமீட்டர், ஏறக்குறைய 0.2 கூடக் குறைய இருக்கலாம். நான்கு மூலையும் நடுவும் அளக்க வேண்டும். மரம் வளைவது அங்கேதான் தெரியும். ஒரு மில்லிமீட்டர் பிசகு எஃப்/5.6-இல் காட்டிக்கொடுத்துவிடும். எஃப்/22-இல் பெரும்பாலும் மறைந்துபோகும். எல்லா ஹோல்டரும் ஒரே மாதிரி மங்கலாக வந்தால் குற்றவாளி கிரவுண்ட் கிளாஸ், அதாவது ஃபோகஸ் பார்க்கும் தேய்த்த கண்ணாடி. எண் போட்டிருந்தால் இதுவும் உடனே தெரிந்திருக்கும்.

கே: மழைக்காலத்தில் ஸ்லைடு இறுகிக்கொள்கிறது. எண்ணெய் விடலாமா?

ப: எண்ணெய், மெழுகு, உப்புத்தாள் மூன்றும் வேண்டாம். மரம் ஊறியிருக்கிறது, அவ்வளவுதான். சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் ஒரு வாரம் மூடி வையுங்கள்.

கே: ஹோல்டரில் கிராஃப்ளெக்ஸ் என்று இருக்கிறது. என் 4×5 கேமராவில் பொருந்துமா?

ப: பெயரைப் பார்க்காதீர்கள். ஸ்லைடு பக்க முனைக்கு அருகே முகப்பில் மேடான வரம்பு இருந்தால் பொருந்தும். பள்ளமான வெட்டு இருந்தால் அது அந்தக் கம்பெனியின் ரிஃப்ளெக்ஸ் கேமராவுக்கானது.

கே: எக்ஸ்ரே பிலிமை வெட்டிப் போடலாமா?

ப: தாராளமாக. இரண்டு பக்கமும் எமல்ஷன் (ஒளி உணரும் பூச்சு) உள்ளதானால் எந்தப் பக்கம் என்ற கவலை இல்லை, கீறல் மட்டும் எளிதில் விழும். 4×5 என்ற பெயரளவைவிட ஒன்றரை மில்லிமீட்டர் குறைத்து வெட்டுங்கள். கடைப் பிலிமும் முழு 4×5 இருக்காது.