மறு: 53 விநாடி நீந்தும் பையனுக்கு அமெரிக்கப் பல்கலைக்கழக அணியில் இடம் கிடைக்குமா?

சார், மகனுக்கு 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல் 53 விநாடி, அங்கே அணியில் இருப்பவர்களுக்கு 44 என்று பார்த்து மனம் விட்டுவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் ஒரே கணக்கு இல்லை. அவன் நீந்துவது 50 மீட்டர் குளம். அங்கே கல்லூரிப் போட்டிகள் பெரும்பாலும் 25 யார்டு குளத்தில் நடக்கும். 100 யார்டு என்பது 91.44 மீட்டர்தான், சுவரில் திரும்புவதும் ஒன்றுக்குப் பதில் மூன்று முறை. உங்கள் 53, அங்கே ஏறத்தாழ 46.

ஒவ்வொரு சுவரிலிருந்தும் 15 மீட்டர் வரை நீருக்கடியிலேயே போகலாம். தொடக்கத்தையும் சேர்த்தால் 91 மீட்டரில் 60 மீட்டர்! அதனால் பயிற்சியாளர்கள் கையசைவைவிட சுவரில் திரும்புவதையும் இரு கால்களையும் சேர்த்து அடிக்கும் டால்ஃபின் உதையையும்தான் உற்றுப் பார்ப்பார்கள். நீருக்கடியில் எடுத்த வீடியோ ஒன்றை அவசியம் அனுப்புங்கள்.

மின்னஞ்சலுக்குப் பதில் வராததற்கு வருந்தாதீர்கள். பையன் பத்தாவதுதானே? அங்கே கல்லூரி விளையாட்டு மூன்று பிரிவுகளாக இருக்கிறது. அதில் உயர்மட்டமான முதல் பிரிவின் பயிற்சியாளர்கள், பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் 15க்கு முன் பதில் எழுத விதியே இடம் தராது.

உதவித்தொகை இல்லாமல் முடியாது என்றால் ஒன்றைக் கவனியுங்கள்: மூன்றாம் பிரிவிலும், ஹார்வர்ட், யேல் போன்ற எட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்த ஐவி லீக்கிலும் விளையாட்டுக்கென்று உதவித்தொகை தர மாட்டார்கள். ஆனால் குடும்ப வருமானம் பார்த்துத் தரும் உதவியைக் கேட்டுப் பாருங்கள், சில இடங்களில் அதுவே பெரிய தொகை.

மகள் டைவிங் பழகுகிறாள் என்றீர்களே, ஒலிம்பிக்கில் இல்லாத 1 மீட்டர் பலகையும் அங்கே உண்டு. அந்தப் புள்ளிகள் நீச்சல் அணியின் மொத்தத்தில்தான் சேரும்.