வகுப்பில் இணையக் கருவிகள்: ஓர் இயற்பியல் வாத்தியாரிடம் கேளுங்கள்

பதினெட்டு வருஷமாக இயற்பியல் நடத்துகிறேன். அதில் பாதிக்கு மேல், வகுப்பில் ஏதாவது ஒரு ஆன்லைன் கருவி கூடவே இருந்திருக்கிறது. கேளுங்கள். தெரிந்ததற்குப் பதில் சொல்கிறேன், தெரியாததைத் தள்ளிவிடுகிறேன்.

கேள்வி: கஹூட், மென்டிமீட்டர், குவிசிஸ்... எது சார் பெஸ்ட்?

எதற்கு என்று சொல்லாமல் எது என்று கேட்டால் எப்படி? முடித்த பாடத்தைக் கலகலப்பாகத் திருப்பிப் பார்க்க கஹூட். பெயர் தெரியாமல் கருத்துக் கேட்க மென்டிமீட்டர். பிள்ளைகள் எழுதியதையும் வரைந்ததையும் ஒரே சுவரில் ஒட்ட பேட்லெட். அவரவர் வேகத்தில் செய்ய குவிசிஸ், அதற்கு 2025-இல் வேகிரவுண்ட் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். கேள்வியை முதலில் எழுதிவிட்டு அப்புறம் செயலியைத் தேடுங்கள். இதை இன்று பலமுறை சொல்ல வேண்டிவரும் என்று தெரியும்.

கேள்வி: எங்கள் பள்ளியில் பிள்ளைகள் போன் கொண்டுவரக் கூடாது. அப்போ எங்களுக்கு இதெல்லாம் இல்லையா?

உண்டு. பிளிக்கர்ஸ் பாருங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு காகித அட்டை, அதில் கறுப்பு வெள்ளையில் ஒரு குறி. அட்டையை எந்தப் பக்கம் மேலே வரும்படி பிடிக்கிறார்களோ அதுதான் பதில்: ஏ, பி, சி, டி. நீங்கள் உங்கள் போன் கேமராவை வகுப்பின் மீது மெல்ல ஓட்டினால் போதும், பெயர் வாரியாகப் பதில் ஏறிவிடும். மொத்தத்துக்கும் ஒரே ஒரு போன். ஒவ்வோர் அட்டையிலும் குறி வேறு, எழுத்தும் பொடியாக ஓரத்தில் இருக்கும். அதனால் பக்கத்து பெஞ்சைப் பார்த்துக் காப்பியடிப்பது கஷ்டம்.

பட்டுத் தெரிந்துகொண்டவை இரண்டு. பளபளப்பான லேமினேஷன் போடாதீர்கள், விளக்கு வெளிச்சம் பட்டால் கேமரா படிக்காது. குறியின் மேல் விரல் பட்டாலும் படிக்காது. முதல் நாள் பத்து நிமிஷம் அட்டை பிடிக்கவே பழக்குங்கள்.

கேள்வி: வாக்கெடுப்பு வைத்தேன். பாதிப் பேர் தப்பு. சரியான விடையைச் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். ஏதோ குறைகிற மாதிரி இருக்கிறது.

இன்றைய கேள்விகளில் எனக்குப் பிடித்தது இதுதான். உட்கார்ந்து எழுதுகிறேன்.

பாதிப் பேர் தப்பு என்றால் உங்களுக்குப் புதையல் கிடைத்திருக்கிறது. அதை மூடிவிட்டுப் போயிருக்கிறீர்கள். ஹார்வர்டில் இயற்பியல் நடத்தும் எரிக் மஸூர் 1990-களின் தொடக்கத்திலிருந்து செய்துவரும் முறை ஒன்று உண்டு. கேள்வி கேள், ஒவ்வொருவரும் தனியாக யோசித்துப் பதில் போடட்டும், விடையைச் சொல்லாதே. ஏறத்தாழ 30 முதல் 70 சதவீதம் பேர் சரி என்றால், பக்கத்தில் இருப்பவரிடம் வாதாடச் சொல். பிறகு அதே கேள்விக்கு மறுபடி வாக்கு. 30-க்குக் கீழே என்றால் பாடத்தையே திரும்ப நடத்த வேண்டும். 70-ஐத் தாண்டினால் இரண்டு வரியில் விளக்கிவிட்டு நகரலாம்.

என் வகுப்பில் நடந்தது: செங்குத்தாக மேலே எறிந்த கல், உச்சியில் ஒரு கணம் நிற்கிறது. அப்போது அதன் முடுக்கம் எவ்வளவு? பெரும்பாலோர் 'சுழி' என்றார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. கடைசி பெஞ்சில் எப்போதும் பேசாத ஒரு பெண், பக்கத்தில் இருந்தவளிடம், "முடுக்கமும் சுழின்னா கல்லு அங்கேயே தொங்கிட்டு இருக்கணுமே, ஏன் கீழே வருது?" என்றாள். அடுத்த வாக்கில், திரையில் வாக்குகளைக் காட்டும் வரைபடத்தில் 9.8, கீழ்நோக்கி என்ற கம்பி எகிறியது. நான் விளக்கியிருந்தால் அரை மணி நேரம் ஆகியிருக்கும், பாதிப் பேர் நம்பியும் இருக்க மாட்டார்கள்.

முக்கியமான எச்சரிக்கை: முதல் வாக்கின் முடிவைத் திரையில் காட்டாதீர்கள். உயரமான கம்பி எதுவோ அதுதான் சரி என்று எல்லோரும் அங்கே சாய்ந்துவிடுவார்கள்.

கேள்வி: பிள்ளைகள் கன்னாபின்னாவென்று பெயர் போட்டு உள்ளே வருகிறார்கள்.

கஹூட்டில் பெயரை அதுவே உருவாக்கித் தரும் வசதி இருக்கிறது, அதை இயக்குங்கள். இல்லையென்றால் வருகைப் பதிவேட்டு எண்.

கேள்வி (ஒரு கணக்கு டீச்சர்): கஹூட் போட்டால் வகுப்பே துள்ளுகிறது. நீங்கள் மட்டும் ஏன் எப்போதும் குறை சொல்கிறீர்கள்?

துள்ளுவது யார் என்று பார்த்தீர்களா டீச்சர்? சரியான விடைக்கு அதிகபட்சம் 1000 புள்ளி, நேரம் ஆக ஆகக் குறையும். 20 விநாடிக் கேள்வியில் இரண்டாம் விநாடியில் அழுத்தியவனுக்கு 950. யோசித்துப் பதினெட்டாம் விநாடியில் அழுத்தியவளுக்கு 550. இருவருக்கும் தெரிந்தது ஒன்றுதான்.

அதே டீச்சர்: கணக்கில் வேகமும் வேண்டும் சார். வாய்ப்பாட்டுக்கு யோசிக்க என்ன இருக்கிறது?

வாய்ப்பாட்டுக்கு ஒப்புக்கொள்கிறேன். பின்னத்துக்கு ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இன்னொருவர்: கணக்கு டீச்சர் சொல்வது சரி. போட்டி இல்லாவிட்டால் என் எட்டாம் வகுப்பு தூங்கிவிடும்.

மற்றொருவர்: மூன்று பேர் மேடையில், மிச்சப் பேர் மூன்றாம் கேள்வியிலேயே ஆட்டத்தை விட்டுவிட்டார்கள். இதுவா போட்டி?

சண்டை வேண்டாம். குழு முறையில் வையுங்கள், அல்லது புள்ளியில்லாமல் வைக்கவும் வழியிருக்கிறது. டீச்சர், ஒரு தடவை புள்ளியை நிறுத்திப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

கேள்வி: எந்தச் செயலி நல்லது?

முதல் பதில்.

கேள்வி: எல்லோரும் சேர்ந்து எழுதும் கூகுளின் ஆன்லைன் பலகை, ஜாம்போர்டு, திறக்க மாட்டேன் என்கிறது.

திறக்காது. கூகுள் அதை 2024 முடிவோடு மூடிவிட்டது. இலவசக் கருவி இரவல் வீடு மாதிரி, என்றைக்கு வேண்டுமானாலும் காலி செய்யச் சொல்வார்கள். கேள்விகளை உங்கள் கணினியில் ஒரு சாதாரணக் கோப்பில் வைத்திருங்கள்.

கேள்வி: திரையிலேயே சோதனை செய்து பார்க்கும் ஃபெட் (PhET) சிமுலேஷன் கொடுத்தேன். பிள்ளைகள் பொத்தானை இழுத்து விளையாடிவிட்டுப் போய்விட்டார்கள்.

முதல் ஐந்து நிமிஷம் விளையாடட்டும், தடுக்காதீர்கள். பிறகு இயக்குவதற்கு முன் ஊகத்தை நோட்டில் எழுத வையுங்கள். தொடர் சுற்றில் இரண்டாவது பல்பைச் சேர்த்தால் முதல் பல்பின் ஒளி என்ன ஆகும்? எழுதிய பிறகுதான் ஸ்விட்ச். எழுதியது பொய்த்தவன்தான் திரையை உற்றுப் பார்ப்பான்.

கேள்வி: குவிஸ் மதிப்பெண்ணைத் தேர்வு மதிப்பெண்ணில் சேர்க்கலாமா?

வேண்டாம். மதிப்பெண் என்றதும் பதில் பொய்யாகிவிடும்.

கேள்வி: ஸ்மார்ட் போர்டு எந்தக் கம்பெனி வாங்கலாம்?

எனக்குத் தெரியாத துறை. வாங்கியவரைக் கேளுங்கள், விற்பவரைக் கேட்காதீர்கள்.

கேள்வி: ஆங்கிலப் பாடத்துக்கு எந்த ஆப்...

முதல் பதில். கேள்வியை எழுதிவிட்டு வாருங்கள்.

கணக்கு டீச்சர் (மறுநாள்): புள்ளியை நிறுத்திப் பார்த்தேன். சத்தம் குறைந்துவிட்டது, ரெண்டு பையன்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். ஆனால் 1/3, 1/4 இரண்டில் எது பெரியது என்ற கேள்விக்குப் பதினோரு பேர் 1/4 என்று போட்டிருக்கிறார்கள். போன வாரம் இது என் கண்ணில் படவே இல்லை.

நான்கு மூன்றைவிடப் பெரியது, அதனால் 1/4 பெரியது என்று நினைத்திருப்பார்கள். விடையைச் சொல்லிவிட்டீர்களா, இன்னும் இல்லையா?

இன்னும் இல்லை சார்.

நல்லது. நாளைக்கு ஜோடி ஜோடியாக வாதாட விடுங்கள்.