எனக்குத் தெரிந்த வேலை நுணுக்கங்களைச் சக ஊழியர்களுக்குச் சொல்லிக் கொடுத்தால் என் வேலைக்கு ஆபத்து வருமா?

சொல்லிக் கொடுங்கள். ஆனால் உங்கள் பயம் வீண் பயம் என்று நான் சொல்லமாட்டேன். அதில் நியாயம் இருக்கிறது, கடைசியில் அதற்கும் வருகிறேன்.

2013-லிருந்து திருப்பூர்ச் சாயப்பட்டறைகளில் இருக்கிறேன். ஹெல்பராகச் சேர்ந்து, லேபுக்கு வந்து, இப்போது ஷிப்ட் பார்க்கிறேன். எங்கள் தொழிலில் டையிங் மாஸ்டர் வைத்ததுதான் சட்டம். எந்த ஷேடுக்கு எந்தச் சாயம் எத்தனை சதவீதம், உப்பு எவ்வளவு, சோடா எப்போது என்பதெல்லாம் அவர் சட்டைப் பையில் இருக்கும் சின்ன நோட்டில் இருக்கும்.

நான் முதலில் வேலை பார்த்த பட்டறையில் ஒருநாள் மாஸ்டரின் நெருங்கிய சொந்தத்தில் சாவு. உடனே கிளம்ப வேண்டிய நிலை. போகும்போது அந்த நோட்டை என் கையில் கொடுத்து, "ராத்திரி அந்த டர்க்காய்ஸ் லாட்டை ஓட்டிடு தம்பி, எல்லாம் இதுல இருக்கு" என்றார். டர்க்காய்ஸ் என்றால் பச்சை கலந்த நீலம், லாட் என்றால் ஒரே தடவையில் சாயம் ஏற்றும் துணி. நோட்டில் இருந்ததை ஒரு கிராம் பிசகாமல் போட்டேன். காலையில் துணியை இறக்கினால் திட்டுத் திட்டாக நிற்கிறது. 400 கிலோ. வேறு வழியில்லாமல் மறுபடி கருப்புச் சாயத்தில் போட்டோம்.

மாஸ்டர் திரும்பி வந்து கேட்ட முதல் கேள்வி, "சாயம் விடறதுக்கு முன்னாடி பிஎச் பார்த்தியா?" பிஎச் என்பது தண்ணீர் அமிலமா காரமா என்று சொல்லும் அளவு. 7-க்கு மேலே போனால் காரம்.

பருத்தித் துணிக்கு நாங்கள் போடும் ரியாக்டிவ் சாயம் முதலில் உப்பின் துணையோடு துணி முழுக்கச் சீராக ஏற வேண்டும். அதன் பிறகுதான் சோடா என்ற காரத்தைப் போட்டு அதை நிலைக்க வைக்க வேண்டும். முன்பே தண்ணீரில் காரம் இருந்தால், சாயம் தொட்ட இடத்திலேயே பிடித்துக்கொள்ளும். 2011-ல் உயர் நீதிமன்ற உத்தரவால் பட்டறைகள் மூடப்பட்டு, சாயக்கழிவு ஒரு சொட்டும் வெளியே போகக்கூடாது என்ற நிலை வந்த பிறகு, சுத்திகரிப்பில் மீட்ட உப்புத் தண்ணீரையே திரும்பப் பயன்படுத்துகிறோம். அதில் சில நாள் காரம் தங்கியிருக்கும். மாஸ்டர் ஒவ்வொரு தடவையும் பிஎச் தாளை நனைத்துப் பார்த்து, தேவைப்பட்டால் கொஞ்சம் அசிட்டிக் ஆசிட் விட்டு, 6-க்குப் பக்கத்தில் கொண்டுவந்த பிறகுதான் சாயத்தைத் தொடுவார். நோட்டில் இது இல்லை. அவர் ஒளிக்கவும் இல்லை. கைக்குப் பழகிப்போனதால், இதையும் எழுத வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. பக்கத்திலேயே நின்ற நானும் "ஏன்" என்று ஒருநாளும் கேட்கவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

அதனால் கணக்கை மட்டும் கொடுக்காதீர்கள், காரணத்தையும் சேர்த்துக் கொடுங்கள். இப்போது நான் இருக்கும் இடத்தில் ஒவ்வொரு லாட்டுக்கும் எழுதும் பேட்ச் கார்டில் ஒரு வரியைக் காலியாக விட்டிருக்கிறோம்: ரெசிபியில் எதை மாற்றினீர்கள், எதற்காக? ஷிப்ட் மாறும்போது 10 நிமிடம் மெஷின் பக்கத்திலேயே நின்று பேசுகிறோம், அதற்கும் சம்பளம் உண்டு. கெட்டுப்போன லாட்டில் ஒரு துண்டு வெட்டி ரிஜிஸ்டரில் ஒட்டி, என்ன நடந்தது என்று எழுதுகிறோம். யார் ஓட்டிய லாட் என்று மட்டும் எழுதுவதில்லை. பெயர் எழுதிய காலத்தில் பல துண்டுகள் ரிஜிஸ்டருக்கே வராமல் போயின.

சரி, உங்கள் பயத்துக்கு வருகிறேன். ஒரு மாஸ்டர் தன் உதவியாளருக்கு எல்லாம் கற்றுக் கொடுத்தார். முதலாளி அந்தப் பையனைப் பாதிச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டு மாஸ்டரை அனுப்பிவிட்டார். இதை நான் கண்ணால் பார்த்தேன். அதற்குப் பிறகு அந்தப் பட்டறையில் யாரும் யாருக்கும் வாய் திறக்கவில்லை. தப்பு முழுக்க அந்த முதலாளி மேல்தான். உங்கள் இடத்தில் இப்படி நடந்திருந்தால், முதலில் நிர்வாகத்தோடு பேசுங்கள், கற்றுக் கொடுப்பதையும் உங்கள் வேலையாகக் கணக்கில் எடுக்கச் சொல்லுங்கள். எங்கள் இப்போதைய மாஸ்டர் பழக்கிய இருவர் தனியாக ஷிப்ட் பார்க்க ஆரம்பித்ததும் அவருக்குச் சம்பளம் ஏறியது. ராத்திரி 2 மணிக்கு அவர் வீட்டுக்குப் போன் போவதும் நின்றது.

இங்கே பாதிப் பேர் ஒடிசா, பீகார்க்காரர்கள். தமிழில் எழுதியதை அவர்களால் படிக்க முடியாது. அதனால் ரிஜிஸ்டரில் கெட்ட துண்டுக்குப் பக்கத்திலேயே, காரத்தால் நீலமாக மாறிய பிஎச் தாளையும் ஒட்டிவைக்கிறோம். போன மாதம் ஒரு ராத்திரி ஒடிசாப் பையன் ஒருவன் லேப் கதவைத் தட்டினான். கையில் நனைந்த தாள், நல்ல நீலம். "அண்ணா, சாயம் இன்னும் விடல" என்றான்.