தூண் அழுகினால் கார்போர்ட்டையே இடிக்க வேண்டுமா?

கேள்வி: கலிஃபோர்னியா சன்னிவேலில், 1955-இல் ஜோசப் ஐக்லர் என்ற வீடு கட்டும் தொழிலதிபர் கட்டிய வீடு ஒன்றை வாங்கியிருக்கிறோம். கார் நிறுத்த, தூண்மேல் நிற்கும் சுவரில்லாத கூரையான கார்போர்ட்டின் மரத்தூண் ஒன்று அடியில் மெத்தென்று ஆகிவிட்டது. பார்க்க வந்த கான்ட்ராக்டர், "எல்லாவற்றையும் இடித்துவிட்டு கராஜ் கட்டிவிடலாம்" என்கிறார். என்ன செய்யட்டும் ஐயா?
– ஒரு வாசகி, சன்னிவேல்

பதில்: இடிக்க விடாதீர்கள் அம்மா. அழுகியது ஒரு தூணின் கால்தான். ஜோசப் ஐக்லர் கட்டிய வீடுகளின் உயிரே உத்தரங்கள்தான். கூடத்தில் தலைக்கு மேல் ஓடும் உத்தரம் கண்ணாடிச் சுவரைத் தாண்டி வெளியே நீளும். கார்போர்ட்டும் அதே வரிசையில் வருவது. நாலு சுவர் எழுப்பினால் அந்த அழகு போய்விடும். 1937-இல் அமெரிக்காவின் மேடிசன் நகரில் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட் கட்டிமுடித்த ஜேக்கப்ஸ் வீட்டிலும் காருக்குப் பக்கம் திறந்த கூரைதான்.

உங்கள் தூண் டக்ளஸ் ஃபிர் என்ற ஊசியிலை மரமாக இருக்கும்; பாரம் தாங்க அருமையான மரம். ஆனால் அறுத்த அடிமுகம், திரி எண்ணெயை இழுப்பதுபோல் ஈரத்தை இழுக்கும். சிமென்ட் தரையில் நேராக நிற்கும் தூண் அங்கேதான் உளுக்கும். என் வீட்டுத் தூணுக்கு நான் புட்டி அடைத்து பெயின்ட் அடித்தேன். ஈரம் உள்ளேயே சிறைப்பட்டது. இரண்டு மழைக்காலம் போனதும் ஸ்க்ரூடிரைவர் பிடிவரை இறங்கியது. நீங்கள் அதைச் செய்யாதீர்கள்.

நம் ஊர்த் திண்ணைத் தூணுக்கு அடியில் கல் இருக்குமே, அதேதான் மருந்து. முதலில் உத்தரத்துக்கு ஜாக்கி முட்டுக் கொடுக்க வேண்டும். குத்தினால் கெட்டியாக நிற்கும் மரம் வரும்வரை அழுகலை அறுத்தெடுத்து, அந்த உயரத்துக்கு கான்கிரீட் பீடம் எழுப்பலாம். அதன் மேலே, தூணின் காலைப் பிடித்து நிறுத்தும் துத்தநாகம் பூசிய இரும்புக் காலணி. மரத்துக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே 1 அங்குலம் காற்று போகட்டும். அழுகல் உயரமாக ஏறியிருந்தால் தூணையே மாற்றுங்கள், பெரிய செலவில்லை.

வெளியே நீட்டிய உத்தர நுனிகளையும் குத்திப் பாருங்கள். நன்றாக இருந்தால் தகரத் தொப்பி போடச் சொல்லுங்கள்.

இன்னொன்று. கார்போர்ட்டை ஒட்டிச் சாமான் அறை இருந்தால் அதன் சுவரைக் கழற்ற யாரையும் அனுமதிக்காதீர்கள். சுவரில்லாத கூரை நிலநடுக்கத்தில் பக்கவாட்டில் சாயாமல் பிடித்திருப்பது பெரும்பாலும் அந்தச் சுவர்தான். ஸ்ட்ரக்சரல் இன்ஜினியர் ஒருவர் வந்து பார்த்த பிறகே ஜாக்கி ஏறட்டும்.